பகிர்ந்து தாங்கும் சுமை

நுழையும்முன்

நோய் உடலை வருத்துவதோடு நிற்பதில்லை; குடும்பத்தின் சேமிப்பையும் கரைக்கிறது. அச்சுமையைப் பலரும் பகிர்ந்து தாங்கும் ஏற்பாடே மருத்துவக் காப்பீடு. அதில் அரசின் பங்கினை விளக்குகிறது இப்பாடம்.

கொடையும் கடமையும்

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி, 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நன்கொடையால் வளர்ந்த அந்நிறுவனம் ஏழையர்க்குப் புகலிடமாயிற்று. ஆயினும், கொடையை மட்டுமே நம்பி ஒரு மாநிலத்தின் நோயாளர் அனைவர்க்கும் உயர்சிகிச்சை அளித்தல் இயலாது. அரசின் கடமை அங்கே தொடங்குகிறது.

கட்டணம் செலுத்துபவர் யார்?

பலர் சிறுதொகை செலுத்த, அவர்களுள் நோயுறும் சிலருக்கு அது பெருந்தொகையாகப் பயன்படுவதே காப்பீட்டின் அடிப்படை. ஆனால், அன்றாடம் உழைத்து உண்போர்க்கு அச்சிறுதொகையும் பெரிதே. வாடகையும் அரிசியும் முன்னிற்க, வராத நோய்க்கான கட்டணம் பின்தள்ளப்படும். எனவே, அக்கட்டணத்தை அரசே செலுத்துகிறது.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்துடன் அது இணைக்கப்பட்டது. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற இன்று வழியுண்டு. 2022இல் செய்த ஒப்பந்தப்படி, இதற்கென அரசு ஒரு குடும்பத்திற்கு ஆண்டுதோறும் செலுத்தும் கட்டணம் 849 ரூபாய்.

வரம்பின் விளிம்பில்

ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது; 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. அதாவது, மாதம் 10,000 ரூபாய். மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்யும் மனைவியும் தியாகராய நகர்க் கடையொன்றில் பணிபுரியும் கணவனும் சேர்ந்து 11,000 ரூபாய் ஈட்டினால், அக்குடும்பம் வரம்பைக் கடந்துவிடுகிறது. வரம்பைக் கடந்ததால் வறுமையைக் கடந்ததாகாது. இத்தகையோர் தாமே காப்பீடு பெற வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 விழுக்காடு வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது அவர்களுக்குச் சிறு துணை, முழுத் தீர்வன்று.

எங்கே கோடு வரைவது என்பது கணக்கு மட்டுமன்று. கோட்டிற்கு அப்பால் நிற்போரை எவ்வாறு காப்பது என்னும் அறவினாவும் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. மருத்துவ உதவிக்கு வருமான வரம்பு தேவையா? வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் பகுதியில் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் முறையைக் கேட்டறிந்து, ஒருபக்க அளவில் எழுதுக.