பேட்டரியைப் பட்டினி போடாதீர்கள்

"சுத்தமா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும் சார், இல்லாட்டி பேட்டரி பாதியிலேயே நின்னுடும்." செல்போன் கடைக்காரர் சொல்கிறார், பொறியியல் படித்த பையனும் சொல்கிறான். இப்போது ஹைப்ரிட் கார் வாங்கியவர்களும் எங்கள் பணிமனைக்கு வந்து, மாதம் ஒரு முறை பேட்டரியை அடிவரை இறக்க வேண்டாமா என்கிறார்கள். வேண்டாம். எத்தனை தடவை சொல்வது?

இந்த உபதேசம் நிக்கல்-காட்மியம் காலத்துச் சரக்கு. பழைய கார்ட்லெஸ் போனிலும் ஷேவரிலும் இருந்த அந்த பேட்டரியை ஒரே அளவுக்கு இறக்கி இறக்கி ஏற்றினால், அந்த இடம் வந்ததும் வோல்டேஜ் படுத்துவிடும். 1991-ல் சோனி லித்தியம்-அயனியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இந்தக் கோளாறு பொருட்படுத்தும் அளவில் கிடையாது. பட்டினிதான் அதற்கு ஆகாது. நிரம்பியபோது 4.2 வோல்ட் காட்டும் செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போனால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம். அதற்கு முன்பே போன் தானாக அணைந்துவிடுகிறதே என்பீர்கள். சரிதான், ஆனால் அணைந்த போனை மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால் மிச்சமும் கசிந்துவிடும்.

காருக்கு வருவோம். 1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. நிக்கல் குடும்பமாயிற்றே, அந்தப் பழைய நோய் வராதா? கொஞ்சம் வரும். அப்படியும் வடிவமைத்தவர்கள் அதை அடிவரை இறக்கவில்லை. சுமார் 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே கம்ப்யூட்டர் கட்டிவைத்திருக்கிறது. பத்து வருடம் தாண்டியும் அவை ஓடியதற்கு இது முக்கியக் காரணம். இங்கே ஓடும் இன்னோவா ஹைகிராஸிலும் அதே நிக்கல் வகைதான், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டில் லித்தியம். இரண்டையும் நீங்கள் நினைத்தாலும் காலி பண்ண முடியாது.

நிஜமான எமன் சூடு. பிரியஸின் பின்சீட்டு ஓரத்தில் ஒரு சின்ன கிரில் இருக்கும், பேட்டரிக்குக் குளிர்காற்று போகும் வழி அது. கழற்றிப் பார்த்தால் தூசியும் முடியும் கம்பளம்போல் அப்பியிருக்கும், அதன்மேல் ஜவுளிக்கடைப் பையைச் சாய்த்து வைத்திருப்பார்கள். கேள்வி மட்டும் அடிவரை இறக்குவதைப் பற்றி!

மற்றவை சில்லறை. புதுப் போனை எட்டு மணி நேரம் சார்ஜில் போடத் தேவையில்லை. ராத்திரி முழுக்கச் செருகியிருந்தால் வெடிக்காது, தலையணைக்கடியில் மட்டும் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் உயிர் வராது, ஈரம்தான் கோக்கும். திடநிலை பேட்டரி 'அடுத்த வருடம்' கடைக்கு வருகிறது என்பதைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எப்படிப் பார்த்துக்கொண்டாலும் பேட்டரி ஒருநாள் தேயும். அன்றைக்குக் கழற்றி மாற்ற முடிய வேண்டுமே? போனைத் திறந்தால் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஹேர் டிரையர் வைத்துச் சூடுகாட்டி நெம்புவதற்குள் செல் மடங்கிவிடுகிறது, மடங்கிய செல் தீப்பிடிக்கும். கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டது. சில விலக்குகளோடு 2027 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வருகிறது. அடுத்த தடவை போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், பேட்டரியைக் கழற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.