பொறுக்கித் தரும் ஆளை முதலில் பிடி!

"என்னக்கா படிக்கலாம், எதைப் பார்க்கலாம், எங்கே வாங்கலாம்?" என்று தங்கச்சிகள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீ யார் பேச்சைக் கேட்டுப் பார்க்கிற?" போனில் வந்து கொட்டுவதற்குப் பஞ்சமே இல்லை. அதில் நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும் ஆளுக்குத்தான் பஞ்சம். அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பயன்படுத்துவது? அக்கா சொல்கிறேன், கேட்டுக்கோ.

1. காலண்டர் தாள் மாதிரி அளவு வை

நம்ம சிவகாசியில் அச்சடிக்கிற தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பாரு. தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், அன்றைய விசேஷம்... எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள். சில காலண்டரில் பின்பக்கம் ஒரு கைவைத்தியக் குறிப்பும் இருக்கும். இடம் அவ்வளவுதான் என்பதால், எதைப் போடலாம், எதை விடலாம் என்று ஒருத்தர் உட்கார்ந்து வெட்டித் தள்ளியிருக்கிறார். ரீல்ஸுக்கு அப்படி ஓரம் கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். ஓரத்தை நீதான் போடணும். ஒரு நாளைக்கு ஒரு செய்தித்தாள், ஒரு நல்ல கட்டுரை, ஒரு வீடியோ. போதும்.

2. சொல்கிறவருக்கு என்ன லாபம் என்று பாரு

தீபாவளி நெருங்கினால் "சிவகாசி நேரடி விலை" என்று விளம்பரம் வரிசை கட்டி வரும். இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை போட்டுவிட்டது. அதனால் லிங்க்கைப் பார்த்ததும் முன்பணம் அனுப்பாதே. லைசென்ஸ் உள்ள கடைக்கு நேரில் போ. வெளியூரில் இருந்தால் சிவகாசியில் இருக்கிற சொந்தபந்தத்திடம் விசாரி. பெட்டியில் நீரி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூஆர் கோடும் இருக்கிறதா என்று பாரு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் பண்ணு.

3. 'வேண்டாம்' சொல்கிறவரை விடாதே

எதுவும் விளையாது, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை சொல்லும் என்று விருதுநகரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பேர் சும்மா வரவில்லை. மிளகாய் வத்தல் வாங்குகிற பழைய வியாபாரியைக் கவனி. ஒரு கை அள்ளுவார், காம்பைப் பார்ப்பார், காதோரம் குலுக்கி விதை சலசலக்கிறதா என்று கேட்பார். நமுத்திருந்தால் மூட்டையையே ஒதுக்கிவிடுவார். படிப்பு, படம், மருத்துவக் குறிப்பு எதுவானாலும் இப்படி ஒதுக்கத் தெரிந்தவரைத்தான் நம்பணும். எல்லாமே சூப்பர் என்கிறவர் எதையுமே குலுக்கிப் பார்க்காதவர். கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: "இதில் எதெல்லாம் தேறாது?"

4. பேர் போடுகிறவர்தான் பொறுப்பு எடுக்கிறவர்

அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுக்கச் சொன்னவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. இத்தனை நூற்றாண்டு கழித்தும் பேர் நிற்கிறது. 13 முதல் 31 அடி வரை உள்ள அகப்பாடல்கள் 400. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலைத் திணை, 2, 8 என முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என்று வந்தால் நெய்தல். எண்ணைச் சொன்னாலே திணை தெரிந்துவிடும். எதை எடுத்தோம், எங்கே வைத்தோம் என்பதற்கு அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 'அதிகம் பகிரவும்' என்று வரும் ஃபார்வர்டுக்குப் பேரும் இல்லை, கணக்கும் இல்லை. பேர் இல்லாத மருத்துவக் குறிப்பை வீட்டு குரூப்புக்குத் தள்ளிவிடாதே.

5. நூலகரிடம் சரியாகக் கேள்

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. அந்த வேலையை நூலகர் நன்றாகச் செய்ய நீயும் உதவணும். "நல்ல புத்தகம் கொடுங்க" என்றால் அவர் என்ன செய்வார்? "பூமணியோட 'வெக்கை' பிடிச்சது, இதே கரிசல் காட்டுக் கதை வேற இருக்கா?" என்று கேள். கி. ராஜநாராயணன் தொகுத்த 'கரிசல் கதைகள்' உன் கைக்கு வரலாம்; ஒரே புத்தகத்தில் பல எழுத்தாளர்கள் அறிமுகம். விஷயம் தெரிந்தவராக இருந்தால், தீப்பெட்டி ஆலைப் பிள்ளைகளைப் பற்றி பூமணியே இயக்கிய 'கருவேலம் பூக்கள்' படத்தையும் சொல்வார். நேற்று நீ எதில் நின்றாயோ அதையேதான் போன் இன்றைக்கும் காட்டும். உனக்கு அடுத்து என்ன வேணும் என்று யோசிப்பது மனுஷர்தான்.

6. ஒரு ஆளையே நம்பி உட்காராதே

சமையலுக்கு ஒருத்தர், படிப்புக்கு ஒருத்தர், பண விஷயத்துக்கு ஒருத்தர் என்று ஆளை வை. நாலு தடவை அவர் சொன்னது சரியாக வந்ததா என்று பாரு. வரவில்லையா, மாற்று.

7. நீயும் பொறுக்கிக் கொடு

குடும்ப குரூப்பில் தினமும் பத்து அனுப்புவதை நிறுத்து. வாரத்துக்கு ஒன்று போதும். முழுசாகப் பார்த்துவிட்டு, "இதில் நடுவில் வர்ற பத்து நிமிஷம் மட்டும் பாருங்க, அம்மாவுக்கு உபயோகப்படும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பு. நாலு வாரம் இப்படிச் செய்தாலே, நீ அனுப்பினால் வீட்டில் திறந்து பார்ப்பார்கள்.