பாடம்: வீடும் ஒரு குருகுலம்

செமஸ்டர் விடுமுறையில் சுங்கை பஞ்சாங் திரும்பியபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "தம்பி, மகன் ஸ்கூலுன்னாலே அழுவுறான். நிப்பாட்டிட்டு நானே வீட்டுல சொல்லிக் கொடுக்கப் போறேன். சரிதானே?"

'சரி' என்று சொல்ல வாய் வரவில்லை. நம் நாட்டில் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். வீட்டில் கற்பிக்க, கல்வி அமைச்சிடம் முதலில் விலக்கு பெற வேண்டும்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவை 12 வயதில் குருவிடம் அனுப்பினார். 24 வயதில் அவன் கர்வத்தோடு திரும்பினான். அப்புறம்தான் அப்பாவின் பாடம் தொடங்கியது. ஆலம்பழத்தைப் பிளக்கச் சொன்னார். உப்பைத் தண்ணீரில் கரைக்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத மெய்ப்பொருளை அப்படித்தான் உணர்த்தினார்.

"பள்ளிக்கு அனுப்பிட்டா பெத்தவங்க வேலை முடியறதில்லக்கா. அவன் ஏன் அழுவுறான்னு கேட்டீங்களா?" என்றேன்.

அன்று மாலை நாங்களே கேட்டோம். "எனக்கு வாசிக்கத் தெரியல. எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றான்.

இப்போது தினமும் அரை மணி நேரம் அம்மாவும் மகனும் சேர்ந்து வாசிக்கிறார்கள். பள்ளிக்கும் போகிறான்.

இளைஞர்களே, உங்கள் தோட்டத்தில் அப்படி அழுகிற பிள்ளை யார்? ஒரு மாலை அவனோடு உட்காருங்கள்.