வாய்க்கால் நீரும் கிணற்று நீரும்: ஜாவா சர்வரில் பீனைத் தேடிப் பெறும் வழிகள்

லோயர்கேம்ப் மின்நிலையத்தைத் தாண்டி இறங்கிவரும் பெரியாற்று நீர் வாய்க்கால் வழியே தானாக வயலுக்குள் பாய்வதற்கும், வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்துச் சம்சாரி கிணற்றில் மோட்டாரை ஓட்டித் தன் பிரயாசையால் நீரை மேலே கொண்டுவருவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜாவா அப்ளிகேஷன் சர்வரில் தனக்கு வேண்டிய பீனை எப்படிப் பெறுவது என்று போடியிலும் தேனியிலும் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும்போதெல்லாம், நான் இந்த இரண்டு பாசனங்களிலிருந்தே பேச்சை ஆரம்பிப்பது வழக்கம்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். சர்வரின் நிர்வாகத்தில் உள்ள பீன் என்றால், அதைப் பிறப்பிப்பதும், அதன் டிரான்ஸாக்ஷனைக் காப்பதும், காலம் வந்தபோது அழிப்பதும் சர்வருக்குள் பீன்களை நடத்தும் கன்டெய்னரின் பொறுப்பு. அதே வகுப்பை நீங்களே 'நியூ' போட்டு உண்டாக்கினால் உருவம் மட்டும் வரும், இந்தச் சம்ரட்சணை எதுவும் கூட வராது.

கிணற்றுப் பாசனமே பழையது. 1997-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜே.என்.டி.ஐ. என்பது பெயர்களை மரக்கிளைகளைப்போல அடுக்கிவைத்த ஒரு பதிவேடு. 'இனிஷியல் கான்டெக்ஸ்ட்' ஒன்றைத் திறந்து, பெயரைச் சொல்லி 'லுக்அப்' செய்தால் பொருள் கைக்கு வரும். அந்தப் பெயர் சர்வருக்குச் சர்வர் வேறுபட்டு, ஜேபாஸில் ஓடிய நிரல் வெப்லாஜிக்கில் திண்டாடிய காலமும் இருந்தது. 2009-ல் வந்த ஜாவா இ.இ. 6 குளோபல், ஆப், மாட்யூல் என்று மூன்று பொது விலாசங்களை வகுத்த பிறகுதான் அந்தக் குழப்பம் பெருமளவு ஒழிந்தது. ஆயினும் பெயர் வெறும் எழுத்துச் சரமாகவே இருப்பதால், அதில் ஓர் எழுத்துப் பிசகினாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது. யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறக்கும் நேரம்வரை பிழை பதுங்கியே கிடக்கும். ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு நான் எழுதிக்கொடுத்த கணக்கு மென்பொருளில், 'ஜாவா:குளோபல்' விலாசத்தை நீளமாக எழுதி நிம்மதியாக இருந்துவிட்டேன். வார் கோப்பின் பெயரில் வெர்ஷன் எண் 1.2 என்பது 1.3 ஆனதும், மாட்யூலின் பெயர் கோப்பின் பெயரிலிருந்தே பிறக்கிறது என்பதால் விலாசமும் மாறிப்போய், ஏலம் முடிந்து லாட் எண்களுக்குப் பட்டியல் போடும் சாயங்காலத்தில் 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று வந்து நின்றது. ஒரே மாட்யூலுக்குள் இருக்கும் பீனுக்கு 'ஜாவா:மாட்யூல்' என்ற குறுகிய விலாசமே போதும் என்பதை அன்றுதான் சரியாகக் கற்றேன்.

வாய்க்கால் பாசனம் சி.டி.ஐ. இதுவும் ஜாவா இ.இ. 6-ஓடு வந்ததுதான். 'இன்ஜெக்ட்' என்ற ஒரு குறியை எழுதி மடையைத் திறந்துவைத்தால், வகையைப் பார்த்து உரிய பீனைக் கன்டெய்னரே கொண்டுவந்து சேர்க்கிறது. இதன் பெரிய சௌகரியம் பிழை வெளிப்படும் வேளையில் இருக்கிறது: கேட்ட வகைக்குப் பீன் இல்லையென்றாலும், இரண்டு பீன்கள் போட்டியிட்டு எது என்று தெரியாமல் போனாலும், சர்வர் டிப்ளாய் செய்யவே மறுத்துவிடும், போட்டியைத் தீர்க்க 'குவாலிஃபயர்' என்ற அடையாளம் ஒன்றைச் சூட்டினால் போதும். மேலும், ஒரே ஒரு வேண்டுகோளுக்கு மட்டும் உயிரோடிருக்கும் பீனை, சர்வர் ஓடும்வரை நீடிக்கும் பீன் ஒன்று கேட்டாலும், கைக்கு வருவது ஒரு பிரதிநிதியே ஆகையால், ஒவ்வொரு அழைப்பும் அந்தந்த வேளைக்கு உரிய பீனிடமே போய்ச் சேருகிறது. ஒரு நிபந்தனை உண்டு. நீங்களே 'நியூ' போட்டு உண்டாக்கிய பொருளுக்கும், ஸ்டாடிக் மாறிக்கும் இந்த வாய்க்கால் எட்டாது. 2022-ல் வந்த சி.டி.ஐ. 4.0 முதல், 'பீன்ஸ்.எக்ஸ்.எம்.எல்' கோப்பு காலியாக இருந்தால் ஸ்கோப் போன்ற குறியிட்ட வகுப்புகளே பீன்களாகக் கணக்கில் வரும். பழைய நிரலைத் தூக்கி வந்தவர்கள் இங்கே இடறி விழுகிறார்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவில், கிணற்று நீரை வாய்க்காலில் விடுவதைப்போல, 'ரிசோர்ஸ்' என்ற குறி நிற்கிறது. டேட்டாபேஸ் தொடர்பு ஜே.என்.டி.ஐ. பெயரில்தான் சர்வரில் பதிவாகிறது. ஆனால் அதைத் தேடும் வேலையைக் கன்டெய்னரிடம் ஒப்படைத்துவிடலாம்.

சர்வரைக் கண்காணிக்க உதவும் ஜே.எம்.எக்ஸ். விஷயம் வேறு. பெரியாறு அணையில் 142 அடிவரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த பின்னும் முன்னும், இன்று நீர்மட்டம் எத்தனை அடி என்று பத்திரிகையில் பார்த்துவிட்டே நாற்றுப் போடத் துணியும் நம் ஊர்க்காரர்களுக்கு அளவுகோலின் அருமை தெரியும். எம்பீன் என்பது அந்த அளவுகோலே. 'ஆப்ஜெக்ட் நேம்' சூட்டிப் பதிவுசெய்தால், ஜேகன்சோலில் உட்கார்ந்து எண்ணிக்கைகளைப் பார்க்கலாம், அமைப்புகளையும் திருத்தலாம். ஜேபாஸின் பழைய பதிப்புகள் ஜே.எம்.எக்ஸையே அஸ்திவாரமாகக் கொண்டிருந்ததால், வியாபார வேலைக்குரிய சேவைகளையும் இதன் வழியே தேடியெடுக்கும் நிரல்கள் இன்றும் தென்படுகின்றன; புதிதாக எழுதுகிறவர் அதைப் பின்பற்ற வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பீன் அழியும் தறுவாயில் பதிவை நீக்க மறந்தால், மறுமுறை டிப்ளாய் செய்யும்போது அதே பெயர் ஏற்கெனவே உள்ளது என்று சண்டைக்கு நிற்கும். பழைய வகுப்புகளும் நினைவகத்தை விட்டுப் போகாமல் தங்கிவிடும்.

ஆகவே, ஒரே பயன்பாட்டுக்குள் என்றால் இன்ஜெக்ட். எந்தப் பீன் வேண்டும் என்பது ஓடும்போதுதான் தெரியும் என்றாலும், லுக்அப் பக்கம் ஓடுவதற்கு முன் சி.டி.ஐ.யின் 'இன்ஸ்டன்ஸ்' வசதியைப் பாருங்கள். வேறொரு சர்வரில் ஓடும் இ.ஜே.பி. வகைப் பீனை எட்ட வேண்டுமானால் ஜே.என்.டி.ஐ.யே கதி, அப்போதும் பெயரை வெளியார் தரும் உள்ளீட்டிலிருந்து எடுக்கவே கூடாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தில் வெடித்த விபரீதத்தின் வேர், வெளியிலிருந்து வந்த சரத்தை ஜே.என்.டி.ஐ. தேடலுக்கு விட்டதுதான். பழைய பாடப் புத்தகங்களில் காணும் 'மேனேஜ்டு பீன்' குறியை நம்பி இறங்காதீர்கள். 2025-ல் வந்த ஜகார்த்தா இ.இ. 11 அதன் ஸ்பெசிஃபிகேஷனையே நீக்கிவிட்டது. டாம்கேட் மட்டும் ஓடும் சிறிய ஆபீஸ் என்றால் சி.டி.ஐ. கூடவே வராது, வெல்ட் போன்ற நூலகம் ஒன்றைத் தனியே சேர்க்க வேண்டும், அதற்கு மனமில்லாதவர்கள் கிணற்று நீரில் பயிர் செய்துகொள்ளலாம்.