பொதுத்தேர்தல்: சொல் ஒன்று, பொருள் பல

'பொதுத்தேர்தல்' என்னுஞ் சொல்லை நாம் அடிக்கடி கேட்கின்றோமாயினும், அதன் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடுதலைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாணாக்கர் பயன் கருதி அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இங்கிலாந்தில் பொதுத்தேர்தலாவது, பொதுமக்கள் சபையின் ஆசனங்கள் யாவும் ஒருங்கே வெறிதாக, அவற்றை நிரப்புதற்கு நடைபெறுவது. ஓர் ஆசனம் மட்டும் வெறிதாயின் நிகழ்வது இடைத்தேர்தல். ஆங்கு வாக்காளர் பிரதம மந்திரியை நேரே தெரிவதில்லை; தத்தந் தொகுதிப் பிரதிநிதியையே தெரிகின்றனர். 2024ஆம் ஆண்டிலே, வாக்குகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெற்ற தொழிற்கட்சி 650 ஆசனங்களுள் 400க்கு மேற்பட்டவற்றைப் பெற்றமை இத்தொகுதி முறையின் விளைவேயாகும்.

ஐக்கிய அமெரிக்காவிலோ, கட்சிகள் தம் அபேட்சகரைத் தெரியும் முதனிலைத் தேர்தலுக்குப் பின்னர் நவம்பரில் நிகழும் இறுதிப் போட்டியே பொதுத்தேர்தல் எனப்படும். சனாதிபதியாவதற்கு 538 தேர்வாளருள் 270 பேரின் வாக்கு வேண்டும். ஆதலின், 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் மக்கள் வாக்கிற் பின்னின்றவரே பதவி எய்தினர்.

சுவிற்சர்லாந்தில் மக்கள் தெரிந்த பாராளுமன்றம் எழுவர் கொண்ட ஆட்சிக்குழுவை அமைக்கும். அதிற் பெருங்கட்சிகள் பல ஒருங்கிருத்தலால், ஒரு தேர்தலால் அரசாங்கம் அடியோடு மாறுதல் ஆங்கு அரிது.

இனி, நம் நாட்டை நோக்குவாம். 1931ஆம் ஆண்டில் டொனமூர்த் திட்டத்தின்கீழ் 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர். இங்கிலாந்துப் பெண்கள் ஆடவரோடு ஒத்த வாக்குரிமை பெற்றது அதற்கு மூன்றாண்டுகள் முன்னரேயாம். ஆயினும், பூரண சுயராச்சியம் வேண்டி யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் விடுத்த அழைப்பையேற்று, வடபகுதியின் நான்கு தொகுதிகள் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தன. 1934 வரை அவ்வாசனங்கள் வெறிதே கிடந்தன. அது கொள்கை உறுதியென்பாரும், வாய்ப்பிழப்பென்பாரும் இன்றும் உளர். இருசாராரும் ஒன்றை ஒப்புவர்: அந்நாட்களில் அத்தொகுதிகளின் குரல் சபையில் ஒலிக்கவில்லை.

தாமே விலகினோர் நிலை அது. விலக்கப்பட்டோர் நிலை வேறு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948, 1949 ஆண்டுச் சட்டங்களால் அவருட் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். 1952இல் நிகழ்ந்ததும் பொதுத்தேர்தலென்றே பெயர்பெற்றது. ஆனால் தேயிலைக் கொழுந்து கொய்த கைகளுட் பலவற்றில் வாக்குச்சீட்டு இல்லை. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலேயே வந்தது.

எனவே, ஒரு தேர்தல் மெய்யாகவே பொதுவானதா என்றறிய விரும்புவோர், வென்றவர் பெயரை நோக்குமுன் வாக்காளர் இடாப்பை நோக்குதல் வேண்டும். அதில் இல்லாதவர் யாவரென வினாவும் பழக்கத்தை நம் மாணாக்கர் இளமையிலேயே பெறுவாராக.