மலைக்குப் போறதும் மலை நடையும்



"ஐயா, நாங்க தெனமும் மலையிலதானே நிக்கிறோம். ஞாயித்துக்கிழமையும் நடக்கணுமா?"

கூட்டமாக நடந்தால் மனப்பாரம் குறையும் என்று பிள்ளைக்காம்பராவில் நாம் பேசியபோது ஒரு அக்கா இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேள்வி நியாயந்தான். நம்ம பக்கத்தில் மலைக்குப் போறது என்றால் வேலைக்குப் போறதுதானே.

கொழுந்து மலையில் முதுகில் கூடை, மனசில் கணக்கு. இன்றைக்கு எத்தனை கிலோ வரும், முழுப்பேரு விழுமா, அரைப்பேரா? உடம்பு நடக்கிறது, மனசுக்கு ஓய்வில்லை. கையை வீசிக்கொண்டு, நாலு பேரோடு, நம்ம வேகத்தில் நடப்பது வேறு. இரவில் தூக்கம் பிடிக்கும். எதிரே உட்கார்ந்து "உனக்கு என்ன கவலை" என்று கேட்டால் வாய் திறக்காதவர்கூட, பக்கத்தில் நடக்கும்போது பாதையைப் பார்த்தபடி சொல்லிவிடுவார். லயத்தில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். மலைப்பாதையில் அந்தப் பயமில்லை. இங்கிலாந்தில் இப்படிக் கூட்டமாக நடப்பவர்களை ஆராய்ந்து 2014இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்ததாம்.

இது நமக்குப் புதிதல்ல. டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாக சிவனொளிபாதமலைக்குப் போகிறோமே! 2,243 மீற்றர் உயரம். தனியாக ஏறுபவர் குறைவு. சிங்களச் சகோதரர்கள் அந்தக் கூட்டத்தை 'நடே' என்பார்கள். முன்பே ஏறிப் பழகியவர் 'நடே குரா', வழிகாட்டி. புதிதாக வருபவர் மூச்சு வாங்கினால் கூட்டம் நின்று போகும். யாரும் "ஏன் பிந்துற?" என்று ஏசுவதில்லை.

2023ஆம் ஆண்டையும் சொல்ல வேண்டும். மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நம் முன்னோர் நடந்து வந்த வழி அது. எத்தனையோ பேர் பசியிலும் நோயிலும் அந்த வழியிலேயே விழுந்து போனார்கள். வீட்டுக்கு வீடு மூடி வைத்திருந்த துக்கத்தை ஊரே சேர்ந்து சுமந்து நடந்தது போல நமக்குப் பட்டது.

நம்ம நடைக்கு முதலில் ஆறு பேர்தான் வந்தார்கள். அதில் ஒரு அம்மா, புருஷன் செத்து எட்டு மாதம். வேலைக்கு வருவார், யாரோடும் பேச்சில்லை, சாப்பாடும் சரியில்லை. மூன்று நடை வரை வாயே திறக்கவில்லை. நாலாவது நடையில், பக்கத்தில் வந்தவரிடம், "மருந்துப் போத்தலை எடுத்து வச்சிருந்தேன்" என்றாராம். அவர் பயப்படாமல் கேட்டார், புத்தி சொல்லவில்லை. அன்றே போத்தலை அப்புறப்படுத்தி, வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்து, மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். நடை மட்டும் அந்த அம்மாவைக் காப்பாற்றியது என்று நாம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு இடம் கிடைத்தது. இப்போது மாத்திரையும் எடுக்கிறார், நடக்கவும் வருகிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, அழுகை, ஓயாத குடி என்று இருந்தால் அது சோம்பலோ பேயோ அல்ல, நோய். தோட்டத்து மருந்துக்காம்பராவில் சொல்லுங்கள், அல்லது அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். தேசிய மனநல உதவிக்கு 1926ஐ அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். "செத்தா நல்லாருக்கும்" என்று யார் சொன்னாலும் தனியே விடாதீர்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் காம்பராவில் வைக்கவே கூடாது. டாக்டர் தந்த மாத்திரையை நடக்கிறோம் என்பதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்த நடை போயா நாள் காலை 7 மணிக்கு, பிள்ளைக்காம்பரா முன்னால். ஒரு மணி நேரந்தான். றொசல்ல ஸ்டேஷன் பக்கம் சுருக்கு வழி என்று ரயில் பாதையில் இறங்காதீர்கள். குளவிக்கூடு கண்டால் முன்னால் போகிறவர் சத்தம் போடாமல் கை காட்டட்டும். கடும் மழை, மண்சரிவு எச்சரிக்கை என்றால் நடை இல்லை. அட்டைக்கு உப்புப் பொட்டலம் கொண்டு வாங்க. தேத்தண்ணி நாம் தருவோம்.