நட்சத்திரத்தின் அருகே தோன்றும் போலிப் புள்ளிகள்

கல்கத்தாவின் பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இயங்கிவந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்துவந்த சி. வி. இராமன், கண்ணினுள் ஒளி சிதறுவதைப் பற்றி 1919-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இருட்டில் சுடர்விடும் சிறு விளக்கை நோக்கினால் அதைச் சூழ்ந்து ஓர் ஒளிவட்டம் தோன்றக் காண்கிறோம். அவ்வட்டம் விளக்கைச் சேர்ந்ததன்று. பார்க்கும் கண்ணைச் சேர்ந்தது. பின்னர் 1943-இல் ஜி. என். இராமச்சந்திரன், நுண்துகள்களால் உண்டாகும் இத்தகைய வட்டங்களில் ஒளி கூடிக் குறைவதை ஆராய்ந்தார்.

தொலைநோக்கியும் ஒரு கண்தானே! வேற்று நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைப் படம்பிடிக்க முயலும் வானநூலாருக்கும் இதே இடையூறு நேர்கிறது. நம் வியாழனைத் தொலைவிலிருந்து கண்டால், அதன் ஒளி சூரியனுடையதில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்காகவே இருக்கும். கரோனாகிராப் என்னும் கருவி நட்சத்திரத்தின் நடு ஒளியை மறைக்கும். ஆயினும் காற்றின் கலக்கத்தாலும், ஆடிகளின் மிக நுண்ணிய மேடுபள்ளங்களாலும் சிதறும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, நட்சத்திரத்தைச் சுற்றிப் பல புள்ளிகளாக விழுகிறது. ஒவ்வொன்றும் ஒரு கிரகம் போலவே தோன்றும்!

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் துண்டின் வழியே லேசர் ஒளியைச் சுவரில் வீழ்த்துக. (ஒளிக்கற்றையை ஒருவரும் நேரே நோக்கலாகாது.) சுவரில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் அசையாது நிற்கும். கண்ணாடியை விரைந்து அசைத்தால் அவை கலந்து ஒரே சீரான ஒளியாகிவிடும்.

காற்றினால் விளையும் புள்ளிகள் இவ்வாறு விரைந்து மாறுவன. ஒன்றையொன்று சாராத 100 படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஏற்றத்தாழ்வு பத்தில் ஒரு பங்காகக் குறையும். முற்றிலும் மாறாத புள்ளிகளாலும் தொல்லையில்லை. ஒரு படத்திலிருந்து மற்றொன்றைக் கழித்துவிடலாம். உண்மையான தொல்லை இடைப்பட்டவற்றால்தான். தொலைநோக்கி திரும்பத் திரும்ப அதன் பாரம் வேறு பக்கம் சாய்கிறது. இரவு குளிரக் குளிர உலோகம் சுருங்குகிறது. புள்ளிகளும் மெல்ல உருமாறுகின்றன. சிலி நாட்டிலுள்ள ஸ்பியர் என்னும் கருவியைக் கொண்டு செய்து 2016-இல் வெளியான ஆய்வில், புள்ளிக்கோலத்தின் ஒற்றுமை முதற்சில விநாடிகளில் விரைந்து குறைவதும், பிறகு பத்துப் பத்து நிமிடங்களாகச் சிறிது சிறிதாகத் தேய்வதும் காணப்பட்டன.

இங்கேதான் சிக்கல். 2006-இல் மாருவா குழுவினர் விளக்கிய முறையில், புள்ளிகள் கருவியோடு நிற்க, வானம் மட்டும் படத்தில் சுழல விடப்படுகிறது. கிரகம் இடம் பெயர்ந்தபின் எடுத்த படத்தைக் கழித்தால் கிரகம் எஞ்சும். வானம் 5 பாகை சுழன்றால், 2 விகலை தொலைவிலுள்ள கிரகம் 0.17 விகலை நகரும், 0.3 விகலையிலுள்ளதோ 0.026 விகலையே நகரும். அகச்சிவப்பொளியில் 8 மீட்டர் ஆடி பிரித்தறியக்கூடிய அளவு சுமார் 0.04 விகலை. எனவே அருகிலுள்ள கிரகத்தைக் காண நெடுநேரம் காத்திருத்தல் வேண்டும். அதற்குள் புள்ளிகள் மாறிவிடும். அவசரப்பட்டுக் கழித்தாலோ கிரகமே கழிந்துபோகும்.

பெகாசஸ் மண்டலத்திலுள்ள எச்.ஆர். 8799 என்னும் நட்சத்திரத்தின் மூன்று கிரகங்கள் 2008-இல் இம்முறையால் வெளிப்பட்டன. அவற்றினும் நட்சத்திரத்தை நெருங்கியுள்ள நான்காவது கிரகம் 2010-இல்தான் அறிவிக்கப்பட்டது.